தட்டில் அடங்காத சீர்

முகிலன் வாங்கிவந்த யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறிக்கொண்டே கூடத்தின் குறுக்கே நடந்துபோனது. வயிற்றுக்குள் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. சோபா ஓரம் முட்டி நின்றதும், 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று வெளிநாட்டுக் குரலில் பாடம் நடத்தத் தொடங்கியது. அக்கா மகள் அபி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். யானை அதற்குள் 'ஜி' வரைக்கும் வந்துவிட்டது.

"மொதல்ல அத்த நிறுத்து முகிலா" என்றாள் அக்கா தீபலட்சுமி, குளியலறைக் கதவில் கையை வைத்தபடி.

எங்கே நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கவிழ்த்துப் பார்த்தான். கவிழ்ந்த யானை நாலு காலையும் ஆட்டிக்கொண்டு 'எச்' சொன்னது. கடைசியில் தோளில் கிடந்த துண்டைப் போட்டு மூடி, மேலே தலையணையை வைத்து அமுக்கிப் பிடித்தான். விசைப்படகில் சுறாவையும் திருக்கையையும் அநாயாசமாகப் புரட்டிப்போடுகிற ஆள், புதுச்சேரி லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஒரு பிளாஸ்டிக் யானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டுப் பரண் முழுக்க அவன் வாங்கிக் கொடுத்த சாமான்தான். சைரன் அடிக்கும் ரயில், டிரம் தட்டும் கரடி, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளி, பட்டனை அழுத்தினால் கைதட்டிப் பாராட்டும் கம்ப்யூட்டர். அட்டைப்பெட்டியில் 'கல்வி' என்று எந்த மூலையிலாவது போட்டிருந்தால் அவனுக்குப் போதும். கடையில் நின்று பொம்மையைச் சோதிக்கும்போது, படகு எஞ்சின் பார்ப்பவனைப் போலக் காதைச் சாய்த்துக் கேட்பான். சத்தம் கணீரென்று வந்தால் நல்ல சரக்கு. மெல்ல முனகினால் அதில் ஏதோ கோளாறு. இந்தக் கணக்கில் அவன் ஒருமுறைகூடத் தவறவில்லை, அபியும் ஒருமுறைகூடக் காதைப் பொத்தாமல் இருந்ததில்லை.

அபிக்கு ஆட்டிசம் என்று அவளுடைய மூன்றாவது வயதில் டாக்டர் சொன்னார். பேச்சு வராததும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததும் முகிலனை அவ்வளவாக வாட்டவில்லை. பேசாவிட்டால் என்ன, ஊரில் பேசுகிறவர்கள் பேசித் தீர்த்தது போதாதா என்பான். மடியில் உட்காரமாட்டேன் என்கிறாளே, அதுதான் அவனுக்கு ஆறாத குறை. அவர்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் சீர்த் தட்டு எடுத்து வரவேண்டும், மணையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கவேண்டும், பத்தர் ஊசியை வைக்கும்போது கையையும் தலையையும் அசையாமல் பிடித்துக்கொள்ளவேண்டும், குத்தி முடித்ததும் அழுகிற வாயில் வெல்லத்தைப் போடவேண்டும். அபியின் முதல் பிறந்தநாளில் எல்லா ஏற்பாடும் நடந்தது. மடியில் வைத்ததுமே குழந்தை வில்லாக வளைந்து, மூச்சு நின்றுபோகும்படி வீறிட்டதில் முகிலன் வெலவெலத்துப் போய்க் கையை விட்டுவிட்டான். அன்றைக்கு இறங்கிய பிள்ளை பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அவன் வயதுக்காரர்கள் எல்லோரும் மருமகளை மடியில் வைத்துப் போட்டோ பிடித்து, தங்கள் ஊர் காலாப்பட்டு பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகிலன் வண்டியை வேகமாக விரட்டுவான்.

வருகிற மாதம் அபிக்கு ஏழு பிறக்கிறது. காது குத்துக்கு ஒற்றைப்படை வயதுதான் ஆகும். "இதை விட்டா அப்புறம் ஒம்போதுதான். அதுக்குள்ள நீங்க கெழவனாயிடுவீங்க, மடியில எங்க எடம் இருக்கும், தொப்பைதான் இருக்கும்" என்று மனைவி அஞ்சலாட்சி ஏற்றிவிட்டாள். மீன்பிடித் தடைக்காலம் ஆதலால் படகு கரையில் கிடந்தது, கையில் வேறு வேலையும் இல்லை. முகிலன் அக்காவிடம் பேச்சை எடுத்தான். அவள் கணவர் புருஷோத்தமன் ஆபீசில் ஃபைல் பார்ப்பதுபோல முழுவதையும் கேட்டுவிட்டு, உங்க அக்கா சொல்றதுதான் என்று ஒதுங்கிக்கொண்டார்.

"மேளம் கூடாது, மைக்கு கூடாது, வெடி கூடாது" என்றாள் தீபலட்சுமி. "அவளா வந்து உக்காந்தா குத்துங்க. நாலு பேரு சேந்து அமுக்கி உக்கார வெச்சீங்க, அன்னியோட ஒனக்கும் எனக்கும் பேச்சு கெடையாது. ஒடப்பொறந்தவன்னு பாக்க மாட்டேன்."

அவனும் ஒத்துக்கொண்டான். சரியான பொம்மை ஒன்று அகப்பட்டால் வந்து உட்கார்ந்துவிடமாட்டாளா என்றுதான் அந்த யானையை வாங்கி வந்தான்.

யானைக்குப் பிறகு அக்காவே அவனை அபி போய்வரும் சிறப்புப் பள்ளிக்கு இழுத்துப் போனாள். ஒரு பெரிய கோணிப்பையில் பரணிலிருந்த சாமானை எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டுதான் போனான். இதில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று மிஸ் சொல்லிவிட்டால் நல்லது என்பது அவன் நினைப்பு. அபியின் ஆசிரியை பாக்யலட்சுமி மிஸ் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தார். மேசை நிறைந்ததும் தரையில் வைத்தார்.

"இதுல எதுவும் தப்பில்லண்ணா. எங்கிட்ட படிக்கிற ஒருத்தனுக்கு இந்த டிரம் கரடியைக் குடுத்தா சோறு தண்ணி வேணாம்பான், அவனுக்குச் சத்தம் வேணும். அபிக்கு அது ஆவாது. பொம்மை ஒசத்தியா மட்டமான்னு பாக்காதீங்க. இந்தப் புள்ளைக்கு இது ஒத்துவருமான்னு பாருங்க."

"அது எப்பிடி மிஸ் தெரியும்? கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்றாளே."

"நாள் பூரா சொல்லிக்கினுதான் இருக்கா. ஒரு நாள் சும்மா உக்காந்து பாருங்க. எதையும் குடுக்காதீங்க, கூப்புடாதீங்க. அவளா எதை எடுக்கறா, எடுத்து என்னா பண்றான்னு மட்டும் பாருங்க." கிளம்பும்போது வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார். "வாங்கின பெறகு அவ கையில திணிக்காதீங்க. நீங்க வெளாடுங்க. புடிச்சா அவளே வருவா."

"நானா? நான் வெளாடறதா?"

"பின்ன, நானா வந்து வெளாட முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் அக்கா வீட்டு சோபா நுனியில், தலைமையாசிரியர் அறையில் காத்திருக்கும் பையனைப்போல உட்கார்ந்தான். பேசாமல் இருப்பது அவனுக்கு லேசான காரியமில்லை. எஞ்சின் சத்தத்துக்கும் அலைச் சத்தத்துக்கும் மேலே பேசிப் பேசி, சாதாரணமாகக் காபி கேட்டாலே அடுத்த பிளாக்கில் திரும்பிப் பார்ப்பார்கள். அபி அவனை ஒரு நாற்காலியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். கவுனை மடித்துப் பிடித்து அதில் எலுமிச்சம்பழங்களை அள்ளிக்கொண்டு கதவைத் திறந்து படியிறங்கினாள். சத்தம் போடாமல் அவனும் பின்னால் போனான்.

கீழே ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகச் சிமெண்டில் ஒரு சரிவு போட்டிருந்தார்கள். அபி சரிவின் உச்சியில் ஒரு பழத்தை வைத்தாள். விரலை எடுத்தாள். பழம் மெல்லப் புரண்டு, நடுவில் ஒரு பள்ளத்தில் தயங்கி, அந்தண்டை திரும்பி ஓடிச் சுவரில் முட்டி நின்றது. அதற்குள் அவள் கீழே ஓடிவந்து கன்னத்தைச் சிமெண்டில் பதித்துப் படுத்துவிட்டாள். அடுத்த பழம், அதற்கடுத்த பழம், திரும்ப முதல் பழம். ஒவ்வொரு முறையும் பழம் அந்தப் பள்ளத்தில் தயங்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டதையும், திரும்பி ஓடும்போது உதட்டோரம் சிரிப்பு வந்ததையும் முகிலன் பார்த்தான். அந்தச் சிரிப்பை அவன் இதற்குமுன் பார்த்ததே இல்லை. கொஞ்சம் தள்ளி அவனும் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்தான். அங்கிருந்து பார்த்தால் பழம் ஒரு தேரளவுக்குப் பெரிதாகி, ஆடி அசைந்து நேரே முகத்துக்கு வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"என்னா சார், ஏதாவது காசு கீசு உருண்டு போச்சா?" என்று கேட்டபடி கீழ்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு தாண்டிப் போனார்.

மேலே வந்து அவன் சொன்னதும் தீபலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "எலுமிச்சம்பழம் எங்க போவுதுன்னு நான் கீழ்வீட்டுக்காரங்களையில்ல சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன்!"

மறுநாளே இருவரும் மிஷன் வீதிக்குப் பின்னால் இருந்த மரப்பொம்மைக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய்களாக இருந்த, ஊரார் 'சொல்தா' என்று சொல்லும் குடும்பத்து மனிதர். பொம்மையைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. முகிலன் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் காதருகே கொண்டுபோனான். எதிலும் சாவியும் இல்லை, பேட்டரியும் இல்லை. வட்டத்தை வட்டத்தில் போடும் பலகை, கயிறு கோக்கும் மணிகள், முறுக்கிக் கழற்றும் மரத் திருகாணிகள். எல்லாவற்றையும் அபியின் கன்னத்தை மனதில் வைத்துப் பார்த்தான், எதுவும் உருளவில்லை. அப்புறம்தான் சுவரோரம் அது கண்ணில் பட்டது. மேலேயிருந்து கீழ்வரை இடமும் வலமுமாகச் சரிந்து இறங்கும் மரப் பாதைகள். உச்சித் துளையில் ஒரு மர உருண்டையைப் போட்டால் ஒரு பாதையின் கோடியில் தயங்கி, அடுத்ததில் விழுந்து, திரும்பி ஓடி, டொக் டொக்கென்று இறங்கிக் கீழே கிண்ணத்தில் போய் அடங்கியது. முகிலன் அக்காவைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதில் சின்னதும் இருந்தது, பெரியதும் இருந்தது. சின்னது மேசைமேல் வைக்கிற அளவு. பெரியது அபியின் உயரத்துக்கு இருந்தது, பள்ளிக்கூடங்களுக்காகச் செய்வதாம். தீபலட்சுமி சின்னதைக் காட்டினாள்.

"இத்த சீர்த் தட்டுல வெச்சா வெத்தல பாக்கு மறைச்சிடும்க்கா. வந்த சனத்துக்கு ஒண்ணுமே தெரியாது."

"அவளுக்குத் தெரிஞ்சா பத்தாதா? சனத்துக்கு வேற காட்டணுமா?"

சின்னதற்குத் தலையாட்டினான். அக்காவை லாஸ்பேட்டையில் இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியதோடு மாற்றிக்கொண்டு காலாப்பட்டுக்குக் கட்டி எடுத்துப்போனான். சீர் என்றால் நாலு பேர் பார்க்கவேண்டும். அவ்வளவு பெரிய பாடம் படித்து வந்த பிறகும் அந்தப் புத்தி மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

காது குத்து நாளில், காலாப்பட்டு ஊர் மண்டபத்துக்கு அவன் வீட்டிலிருந்து சீர் கிளம்பியது. பழத் தட்டு, பூத் தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு என்று பெண்கள் வரிசையாக வர, எந்தத் தட்டிலும் அடங்காத மரக் கோபுரத்தை முகிலன் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். மேளம் இல்லை, வெடி இல்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. "என்னாடா முகிலா, மாமன் சீரா, எலக்சன்ல தோத்த ஊர்வலமா?" என்று டீக்கடையிலிருந்து எவனோ குரல் கொடுத்தான். அஞ்சலாட்சி சிரிப்பை அடக்க முடியாமல் பூத் தட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

மண்டப வாசலில் கோபுரத்தைக் கண்டதும் தீபலட்சுமியின் முகம் மாறிவிட்டது. பத்தர் ராஜாங்கம் ஊசியும் தங்கக் கம்பியும் சந்தனக் கிண்ணமுமாக ஒரு மூலையில் தயாராக இருந்தார். முகிலன் புது வேட்டியோடு பாய்மேல் போட்ட மணையில் உட்கார்ந்தான். அபியைக் கூட்டிவந்தார்கள். அவள் மாமனையும் பார்க்கவில்லை, மடியையும் பார்க்கவில்லை. நேரே போய்ச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைந்து, தொங்கிய விரிப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"கூப்புடுடா", "மிட்டாய காட்டுடா", "நாலு பேரு போய்த் தூக்கியாங்கப்பா" என்று ஆளுக்கொரு யோசனை. தீபலட்சுமி மேசைக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றுகொண்டாள். தம்பியைப் பார்த்த பார்வையில் ஊருக்கே தெரியும்படி எச்சரிக்கை இருந்தது. முகிலனுக்கு வியர்த்தது. கூப்பிடலாம், அவன் கூப்பிட்டால் மேசையோடு ஓடிவிடுவாள். என்ன செய்வதென்று தெரியாமல் கோபுரத்தைப் பக்கத்தில் இழுத்துவைத்து, உச்சித் துளையில் ஒரு உருண்டையைப் போட்டான்.

மாப்பிள்ளை மாதிரி உடுத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்து தனியாகப் பொம்மை விளையாடும் ஆளைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. அவனுக்குக் காது சிவந்துவிட்டது. இன்னொரு உருண்டையைப் போட்டான். தலையைக் குனிந்து, பாதைக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தான். உருண்டை கோடியில் தயங்கியது. விழுமா? விழுந்தது. திரும்பி ஓடியது. ஐந்தாறு தடவை போட்டதற்குப் பிறகு யார் சிரிக்கிறார்கள் என்பது அவனுக்கு மறந்துபோயிற்று. கூட்டமும் எவ்வளவு நேரம்தான் சிரிக்கும்? டீசல் விலை, படகு மராமத்து என்று அவரவர் பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

பக்கத்தில் ஒரு சின்னக் கால் தெரிந்தது. கொலுசு போட்ட கால். முகிலன் நிமிரவில்லை.

அபி கீழே கிண்ணத்திலிருந்த உருண்டையை எடுத்து நின்றபடி துளையில் போட்டாள். நின்றால் துளை எட்டியது; ஆனால் உருண்டை ஓடுகிற ஓட்டம் கண்ணுக்கு எங்கேயோ கீழே போய்விட்டது. சட்டென்று உட்கார்ந்தாள். இப்போது ஓட்டம் கண்ணுக்கு நேரே. ஆனால் துளை எட்டவில்லை. கொஞ்சம் யோசித்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு கரண்டியை எடுப்பதுபோல எடுத்து, உருண்டையைக் கையில் வைத்து மேலே தள்ளினாள். அவன் போட்டான். மறுபடி தள்ளினாள். மறுபடி போட்டான். இந்த ஏற்பாடு அவளுக்கு மெதுவாக இருந்தது போலும். எழுந்தாள், அவன் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் திரும்பினாள், ஸ்டூலில் ஏறுவதுபோல அவன் மடியில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள். துளை எட்டியது. ஓட்டமும் கண்ணுக்கு நேரே இருந்தது.

மண்டபம் அப்படியே நின்றுவிட்டது. அவளுடைய பாரம் முழுக்க அவன் தொடையில் இருந்தது, பின்னந்தலை அவன் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது, எண்ணெய் தேய்த்த தலையின் வாசனை வந்தது. இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். எதிரே தீபலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பத்தர் மெல்ல எழுந்து வந்து பாய் ஓரம் குந்தி, தீபலட்சுமியைப் பார்த்தார். அவள் சரி என்று தலையசைத்தாள். சொன்ன சொல் சொன்னதுதான், பிள்ளை தானாக வந்து உட்கார்ந்துவிட்டது.

"கையப் புடிச்சிக்கோ மாமங்காரரே" என்றார் ராஜாங்கம் பத்தர் தாழ்ந்த குரலில். "ரெண்டு கையையும் சேத்து. தலைய நெஞ்சோட அணைச்சிக்கோ. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

முகிலன் கையைக் கொண்டுபோனான். அபியின் கை உருண்டையோடு மேலே போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் பிடிக்கவேண்டும். அவன் கை பாதியில் நின்றது. ஒரு வயதில் அவன் பிடித்த பிடியை அவள் எந்த மொழியில் ஞாபகம் வைத்திருந்தாளோ, மறுபடி இந்தப் பக்கம் வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இப்போது பிடித்தால் காதில் கம்பி ஏறிவிடும். ஃப்ளெக்ஸும் அடித்துவிடலாம். மடி போய்விடும்.

"வேணாம் பத்தரே" என்றான். அவனுக்கே வியப்பாக, குரல் மெல்ல வந்தது.

"நல்ல நேரம் போவுதுப்பா."

"போவட்டும்."

அஞ்சலாட்சி பக்கத்தில் வந்து குனிந்தாள். "என்னாங்க இது? இத்தினி வருசமா இதுக்குத்தான கெடந்து தவிச்சீங்க?"

"இதுக்குத்தான்" என்றான் முகிலன், அபியின் உச்சந்தலையைப் பார்த்தபடி. அஞ்சலாட்சி ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து அவன் வாயிலேயே போட்டுவிட்டுப் போனாள்.

பத்தர் ஊசியை நிதானமாகத் துணியில் சுற்றினார். "அப்ப நான் மொதப் பந்தியிலயே உக்காந்துக்கறேன்" என்று எழுந்தார். அதோடு கூட்டமும் பந்திக்குக் கிளம்பிற்று. பெரியவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள்தான். வஞ்சிர வறுவல் வந்ததும் அதுவும் நின்றது. தீபலட்சுமி வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெரிய கோபுரத்தை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தாள். "திருட்டுப் பயலே" என்று மட்டும் சொன்னாள்.

பந்தி முடிந்து சனம் கலைந்தது. சாமியானாக் கடை ஆட்கள் நாற்காலிகளை அடுக்கி, விரிப்புகளை உருவி, பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். மணைக்கு அருகில் வந்ததும் ஒருவர் நின்று, எழுந்துகொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். முகிலன் பார்வையாலேயே மடியைக் காட்டினான். அவர் குனிந்து அபியைப் பார்த்தார், உருண்டை ஓடுவதைப் பார்த்தார், அது கிண்ணத்தில் விழும்வரை நின்றார். பிறகு அந்த ஒரு பாயை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்ததைச் சுருட்டத் தொடங்கினார்.